கலைச்சொல் விவாதம்: கார்க் கதவுக் கைப்பிடியின் உள்ளுறுப்புகளுக்கு ‘நெம்புகரம்’, ‘கவ்வுதாழ்’, ‘வெற்றசைவு’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் உடைந்த கதவுக் கைப்பிடியை உரிமையாளர் தாமே சரிசெய்துகொள்வதற்கான தமிழ்க் கையேட்டுக்குச் சொற்கள் வேண்டும் என்று தொடங்கிய இந்த இழையில், இதுவரை வந்த மடல்கள் பெரும்பாலும் ‘கைப்பிடி’ என்ற ஒரு சொல்லையே சுற்றி வந்திருக்கின்றன. பிடி, கைப்பிடி, பிடங்கு ஆகியவற்றுள் எது மேல் என்பதில் நாம் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கைப்பிடி எல்லோருக்கும் விளங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் சொல் இல்லாதது கைப்பிடிக்குப் பின்னால், கதவுத் தகட்டுக்குள் மறைந்திருக்கும் உறுப்புகளுக்குத்தான். உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பட்டறைப் பேச்சில் இந்த அமைப்பு முழுவதற்கும் இரண்டே பெயர்கள் இருக்கின்றன: ‘டோர் ஹேண்டில்’, ‘டோர் லாக்’. கதவு திறக்கவில்லை என்றால் இவ்விரண்டில் ஏதோ ஒன்று போய்விட்டது என்று சொல்லி, அந்த ஒன்றை முழுதாக மாற்றிவிடுகிறார்கள். புதிய காருக்கு இது பரவாயில்லை. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன, உதிரிப்பாகம் அரிதாகிவிட்ட ஒரு காருக்கு இது தீங்கு. எது உடைந்தது, எதனால் உடைந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை சொல்லத் தனித்தனிப் பெயர்கள் வேண்டும்.

முதலில் இயக்கத்தைப் பார்ப்போம். வெளியே நின்று கைப்பிடியை இழுத்தால் அது தன் அச்சில் சிறிதளவு திரும்புகிறது. அதனோடு ஒரே வார்ப்பாகவோ தனியாகப் பொருத்தப்பட்டோ இருக்கும் குட்டையான கரம் ஒன்று, கதவுக்குள் நகர்ந்து ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. அந்தக் கம்பி கதவின் பின்விளிம்பில் இருக்கும் பொறிக்குச் சென்று, அதிலுள்ள சிறு தடையை விலக்குகிறது. தடை விலகியதும், காரின் உடற்கூட்டில் பதித்திருக்கும் முளையைக் கவ்விக்கொண்டிருந்த நகம் சுழன்று அதை விடுவிக்கிறது. கைப்பிடியிலிருந்து முளை வரை ஐந்தாறு உறுப்புகள். இவற்றில் பெயர் வேண்டி நிற்பவற்றில் முதலாவது அந்தக் குட்டைக் கரம்.

கைப்பிடி உடைந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது உண்மையில் முறிந்திருப்பது பெரும்பாலும் இந்தக் கரம்தான். வெளியே குரோம் பூச்சோடு கைப்பிடி முழுதாகவே தெரியும்; இழுத்தால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வரும்; கதவு மட்டும் திறக்காது. பல பழைய கார்களில் இந்த உறுப்பு துத்தநாகக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டது. நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929இல் உருவாக்கிய சமாக் என்ற கலவைக் குடும்பம் இதில் புகழ்பெற்றது. துத்தநாகத்தோடு ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியம் சேர்ந்தது. அச்சில் வார்ப்பதற்கும் குரோம் பூசுவதற்கும் அது மிக ஏற்றது. ஆனால் மீண்டும் மீண்டும் வளையும் மெல்லிய கரத்துக்கு அது எஃகுபோல் ஈடுகொடுப்பதில்லை. 400 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகிவிடுவதால், வழக்கமான வெல்டிங் வைத்தால் உறுப்பே சரிந்துவிடும். வேறு சில கார்களில் கண்ணாடியிழை கலந்த நைலானால் செய்த கரம் இருக்கும். அது ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை அடைகிறது.

இந்தக் கரத்துக்கு ‘உந்துகை’ என்றும் ‘நெம்புகை’ என்றும் இரண்டு பரிந்துரைகள் வந்தன. இரண்டும் செவிக்கு இனியவை; ஆனால் இரண்டிலும் ஒரே இடர்ப்பாடு இருக்கிறது. வருகை, செய்கை என்று தமிழில் ‘கை’ ஈறு தொழிற்பெயரை உண்டாக்கும். ‘நெம்புகை முறிந்தது’ என்று படிப்பவர் ஒரு கணமேனும் நெம்பும் செயலையே நினைப்பார், உறுப்பை நினைக்க மாட்டார். கையேட்டில் அந்த ஒரு கணத் தடுமாற்றமும் இருக்கக் கூடாது. ‘உந்துகை’ என்பதில் பொருள் சார்ந்த குறையும் உண்டு: எல்லாக் கார்களிலும் இந்த உறுப்பு உந்துவதில்லை, சிலவற்றில் இழுக்கிறது. எனவே ‘நெம்புகரம்’ என்று முன்மொழிகிறேன். நெம்புகோல் என்ற சொல் நமக்குப் பள்ளியிலிருந்தே பழக்கம். அதே வினைத்தொகை அமைப்பு என்பதால் வல்லினம் மிகாமல் ‘நெம்புகரம்’ என்றே எழுதலாம். தள்ளினாலும் இழுத்தாலும் அது நெம்பும் உறுப்பே. கோல் என்றால் நீண்ட தனி உறுப்பு என்றும், கரம் என்றால் இன்னொன்றிலிருந்து நீண்டு நிற்கும் உறுப்பு என்றும் படிப்பவருக்கு இயல்பாகவே தோன்றும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுவே.

அடுத்தது கதவின் பின்விளிம்புப் பொறி. இதைத்தான் எல்லோரும் ‘லாக்’ என்கிறார்கள். இந்த இழையிலும் ‘பூட்டு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பூட்டு என்பது சாவிக்கு உரியது. சாவி நுழையும் உருளை கைப்பிடியின் அருகிலோ அதன் உள்ளேயோ தனியாக இருக்கிறது. அது பழுதானால் கதவைப் பூட்டவோ பூட்டியதைத் திறக்கவோ முடியாதே தவிர, பூட்டாத கதவு வழக்கம்போல் மூடித் திறக்கும். கதவைச் சாத்தியவுடன் பிடித்துக்கொள்ளும் பொறி வேறு. அது பழுதானால் ஓடும் காரில் கதவு திறந்துகொள்ளக்கூடும். அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதிகளில் 206ஆம் எண் விதி இந்தப் பொறியையும் உள்ளடக்கியது. முழுமையாகப் பிடித்த நிலை, பாதி பிடித்த நிலை என்று பிடிப்பில் இரண்டு நிலைகள் வேண்டும் என்று அது கேட்கிறது. உயிர் சார்ந்த ஓர் உறுப்பையும் திருட்டைத் தடுக்கும் ஓர் உறுப்பையும் ஒரே பெயரால் அழைப்பது சரியாகாது.

தாழ்ப்பாள், நாதாங்கி, கொண்டி ஆகிய மூன்றும் இதற்குப் பரிந்துரைக்கப்பட்டன. மூன்றும் நல்ல சொற்கள், நாம் இழந்துவிடக் கூடாதவை. ஆனால் தாழ்ப்பாள் என்றதும் நேர்கோட்டில் நகர்ந்து துளைக்குள் போகும் கம்பி நினைவுக்கு வருகிறது. நாதாங்கியும் கொண்டியும் கையால் மாட்டப்படுபவை. கார்க் கதவில் இருப்பது சாத்தும் விசையாலேயே சுழன்று முளையைக் கவ்விக்கொள்ளும் பொறி. ‘தாழ்’ என்ற வேர்ச்சொல்லை வைத்துக்கொண்டு, அது செய்யும் வேலையை முன்னே சேர்த்து ‘கவ்வுதாழ்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அப்படிக் கொண்டால் குடும்பச் சொற்கள் தாமாகவே கிடைக்கின்றன: அதனுள் சுழல்வது ‘கவ்வுநகம்’, அதைப் பின்னே திரும்பவிடாமல் நிறுத்துவது ‘தடைநா’, உடற்கூட்டில் நிற்பது ‘தாழ்முளை’. கொண்டியை நான் ஒதுக்கிவிடவில்லை. காரின் முன்மூடியில், தாழ் விட்டுப்போனாலும் மூடி மேலெழாமல் பிடிக்கும் இரண்டாம் கொக்கி ஒன்று உண்டல்லவா, அதற்குக் ‘காப்புக்கொண்டி’ மிகப் பொருந்தும்.

கம்பிக்கு ‘இணைகம்பி’ போதும். இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. கம்பியின் முனையை நெம்புகரத்தின் துளையில் நிறுத்தும் சிறு பிளாஸ்டிக் துண்டைக் கிளிப் என்றே எழுதுவோம். ‘கவ்வி’ என்று ஆக்கினால் கவ்வுதாழோடு குழம்பும்.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் சொல்லுக்கு வருகிறேன். கைப்பிடியை இழுக்கத் தொடங்கிய பிறகு, இணைகம்பி நகரத் தொடங்குவதற்கு முன்பு, எதையும் செய்யாத ஒரு சிறு அசைவு இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு அது இருக்கத்தான் வேண்டும். சுத்தமாக இல்லையென்றால் கம்பி எப்போதும் தடைநாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கதவு முழுமையாகத் தாழிடாது. மிகையாக இருந்தால், கைப்பிடி தன் எல்லை வரை வந்தும் தடைநா விலகாது. திறப்பவர் இன்னும் வலுவாக இழுப்பார். அந்த விசையெல்லாம் நெம்புகரத்தின் வேரில் இறங்கும். இதற்குத் ‘தளர்வு’ என்று எழுதினால், படிப்பவர் அதைக் குறையாக எண்ணி முற்றாக நீக்கிவிடுவார். குறைதீர்க்க வந்த கையேடே குறையை உண்டாக்கிவிடும். வேண்டிய அளவு இருக்க வேண்டிய ஒன்று என்பதைச் சொல்லே காட்ட வேண்டும் என்பதால் ‘வெற்றசைவு’ என்று முன்மொழிகிறேன். ‘வெற்றசைவை ஒரு மில்லிமீட்டருக்கு வை’ என்று எழுதினால் யாரும் அதைக் குறை என்று கொள்ள மாட்டார்கள்.

சொற்கள் தனியாக நிற்கும்போது அழகாகத் தெரியும். வாக்கியத்தில் வைத்தால்தான் அவற்றின் வலிமை தெரியும். ஆகவே கையேட்டில் வரக்கூடிய ஒரு பகுதியை இந்தச் சொற்களைக் கொண்டே எழுதிப் பார்த்தேன்:

“கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு மின்கல இணைப்பைக் கழற்றுக. கதவுக்குள் காற்றுப்பை உள்ள கார் என்றால், இணைப்பைக் கழற்றிய பின் அந்தக் காரின் பழுதுநூல் சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே உட்பலகையில் கை வைக்க வேண்டும். உட்பலகையைத் திருகுகள் அனைத்தையும் கண்டறிந்து எடுத்த பிறகே அசைக்க வேண்டும். கைத்தாங்கியின் அடியிலும் உள்கைப்பிடியின் கிண்ணத்திலும் மறைந்திருக்கும் திருகுகளை மறந்து இழுத்தால் பலகை கிழியும். பின்னால் இருக்கும் ஈரத்தடுப்புத் தாளைக் கிழிக்காமல் ஒரு மூலையிலிருந்து உரிக்க வேண்டும், ஏனெனில் அது இல்லாவிட்டால் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வரும். கிளிப்பை இணைகம்பியிலிருந்து திருப்பி விடுவித்த பின் கைப்பிடியின் நட்டுகளைக் கழற்றுக. நெம்புகரம் முறிந்திருந்தால், முறிந்த முகங்களை எப்பாக்சி பசையால் மட்டும் ஒட்டுவது நிற்காது. ஒட்டும் பரப்பு சிறிது, விசையோ வளைவு விசை. அலுமினியத் தகட்டில் அதே வடிவில் ஒரு கரத்தை வெட்டி, துளைகளுக்கு இடையிலான தொலைவு பழையதைப் போலவே இருக்குமாறு அளந்து, கைப்பிடியின் தடித்த அடிப்பகுதியில் இரண்டு சிறு திருகுகளால் பொருத்தி, இடையே எப்பாக்சி நிரப்புக.

மீண்டும் பூட்டுவதற்கு முன் கவ்வுதாழைப் பார்க்க வேண்டும். பழைய கிரீஸ் இறுகிப்போயிருந்தால் தடைநா கடினமாக நகரும்; நெம்புகரம் முறிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கரைப்பானால் கழுவி, புதிய கிரீஸ் இட்டு, விரலால் தள்ளினால் எளிதாக நகர்கிறதா என்று பார்த்த பிறகே இணைகம்பியை மாட்டி வெற்றசைவைச் சரிசெய்க. கதவைத் திறந்த நிலையிலேயே வைத்து, ஒரு திருப்புளியின் தண்டால் கவ்வுநகத்தை இரண்டு நிலைகளும் தாண்டி மூடச் செய்து, வெளிக்கைப்பிடி, உள்கைப்பிடி இரண்டாலும் அதை விடுவித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் விடுவிக்கும் வரை கதவைச் சாத்தக் கூடாது.”

இதில் ‘லாக்’ என்ற சொல்லோ ‘பூட்டு’ என்ற பெயரோ ஓரிடத்திலும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்கலாம். சாவி பற்றிய பேச்சே இந்தப் பழுதுபார்ப்பில் வரவில்லை; வராத ஒன்றின் பெயரைத்தான் இத்தனை நாள் இந்த வேலை முழுவதற்கும் சூட்டியிருந்தோம். ‘மீண்டும் பூட்டுவதற்கு முன்’ என்று உறுப்பு சேர்ப்பதைக் குறிக்கும் வினை ஒன்று மட்டும் வந்துவிட்டது. கார்க் கதவைப் பற்றிய நூலில் அதையும் ‘பொருத்துவதற்கு முன்’ என்று மாற்றிவிடுவதே நல்லது.

ஒரு நண்பர், வெளிக்கைப்பிடிகளின் வகைகளுக்குப் பெயர் தராமல் உள்ளுறுப்புகளுக்குப் போவது முறையா என்று கேட்டிருந்தார். அது நியாயமான கேள்வி, ஏனென்றால் நெம்புகரம் எப்படி நகர்கிறது என்பதை வெளிக்கைப்பிடியின் வகையே தீர்மானிக்கிறது. 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இருப்பது ஒரு விரல் கொண்டு இழுக்கும் நீள்வட்டச் சிறு பிடி. அதை ‘விரற்பிடி’ என்று சொல்லலாம். அதே காலத்து நிசான் 300இசட்எக்ஸ் காரில் பிடி கதவின் பின்விளிம்பை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. மோரிஸ் மரீனா என்ற பிரிட்டிஷ் குடும்பக் காருக்காகச் செய்த, தகட்டோடு தகடாகப் படிந்து விரலால் மேலே தூக்கும் பிடியோ லோட்டஸ் எஸ்பிரிட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வரை பயணம் செய்தது. இந்தக் கடைசித் தகவல் பழுதுபார்ப்பவருக்கு மிகவும் உதவும்: அரிய ஸ்போர்ட்ஸ் காரின் கைப்பிடி பல நேரங்களில் எளிய குடும்பக் கார் ஒன்றிலிருந்து எடுத்ததாக இருக்கும், காரின் பெயரால் தேடாமல் உறுப்பின் வடிவால் தேடுபவருக்கு அது கிடைத்துவிடும். தூக்கும் வகைக்கு ‘இமைப்பிடி’ என்று ஒருவர் எழுதியிருந்ததை நான் மனமார ஏற்கிறேன். இமைபோல் மேலெழுந்து தானே படியும் அதன் அசைவை அச்சொல் அப்படியே காட்டுகிறது. தானே படியச் செய்யும் சுருள்வில் அறுந்துவிட்டால் ‘இமைப்பிடி படியவில்லை’ என்று பழுதையும் அதே சொல்லால் சொல்லிவிடலாம்.

செங்குத்தாக நிற்கும் வகைக்கு மட்டும் எனக்கு நிறைவான பெயர் தோன்றவில்லை. ‘நிலைப்பிடி’ என்றால் அசையாத பிடி என்று பொருள் மாறும். ‘நெடுக்குப்பிடி’ பொருள் சரியாக இருந்தும் சொல்ல வரவில்லை. இதற்கும், ‘தடைநா’ என்பதை விடச் சுருக்கமான சொல் யாருக்கேனும் தெரிந்தால் அதற்கும், உங்கள் பரிந்துரைகளை இந்த இழையிலேயே எழுத வேண்டுகிறேன். எழுதும்போது அந்தச் சொல்லை ஒரு பழுதுபார்ப்பு வாக்கியத்தில் வைத்து எழுதினால் எடைபோட எளிதாக இருக்கும்.

அன்புடன்,
குழு உறுப்பினன்