மறு: 'ஹியூமன் ரிமெய்ன்ஸ்' – 'உடலெச்சம்' என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

அகழாய்வில் கிடைக்கும் மனித உடலின் மிச்சங்களை ஆங்கிலத்தில் 'ஹியூமன் ரிமெய்ன்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள்: எலும்பு, பூதவுடல், மனித எச்சம். பூதவுடல் இரங்கல் செய்திக்கு உரிய சொல். மூவாயிரம் ஆண்டு பழைய தாடைக்கு அதைப் போட்டால் படிப்பவர் மாலை தேடுவார். அதை விட்டுவிடலாம்.

> தோண்டும்போது கிடைப்பது எலும்புதானே, அப்படியே எழுதினால் என்ன?

போதாது ஐயா. ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது பல்லை. அது எலும்பு வகையில் சேராது. பல்லின் எனாமல் என்ற கடினமான மேலுறை சிறுவயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும். அதிலுள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகளுக்கு (எடை மாறுபட்ட அணு வகைகள்) இடையிலான விகிதம் அந்த ஆள் பிள்ளைப் பருவத்தைக் கழித்த நிலத்தின் பாறையை ஒத்திருக்கும். புதைத்த இடத்து மண்ணோடு அது பொருந்தவில்லை என்றால், அவர் வேறெங்கோ வளர்ந்து வந்தவர். எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படுவதால் பிற்கால உணவைச் சொல்லும். அப்புறம் பல்லில் படியும் பற்காரை: சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால் தின்ற கிழங்கு, தானியத்தின் மாவுச்சத்துத் துகள் அகப்படலாம். ஆனால் அது நுண்ணுயிர்ப் படலம் இறுகிக் கல்லானது. அவருடைய உடல்தானா அது என்று கேட்டால் நானும் திணறுவேன். முடியும் தோலும் வேறு இருக்கின்றன. 'எலும்பு' இத்தனையையும் தாங்காது.

'எச்சம்' என்றாலே பறவை எச்சம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் முகம் சுளித்திருந்தார். தொல்லுயிர் எச்சம் (ஃபாசில்) என்று படித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சங்கடம் இருக்காது. எனக்கு உறுத்துவது 'மனித'. மனிதர் விட்டுச்சென்ற பானையும் மணியும்கூட மனித எச்சம்தானே? கட்டுரையில் இந்தக் குழப்பத்தைச் சமாளித்துவிடலாம், சட்டத்தில் முடியாது. பூர்வகுடிகளின் புதைகுழிகளுக்காக 1990-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், உடலின் பகுதிகளை ஒரு வகையாகவும் கூடவே வைத்த ஈமப்பொருள்களை வேறு வகையாகவும் பிரிக்கிறது. அதற்காக 1995-இல் வந்த விதி விளக்கத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு: ஒருவர் தாமாகக் கொடுத்ததும் இயல்பாக உதிர்ந்ததும் உடல் பகுதி என்ற வகையில் சேராது. உதாரணம், முடியால் திரித்த கயிறு. உடலிலிருந்து வந்ததுதான், ஆனாலும் அது கயிறு! எழுதியவர் நிறைய யோசித்திருக்கிறார்.

பிரிட்டனின் 2004 மனிதத் திசுச் சட்டமும் ஆயிரம் ஆண்டுக்கு உட்பட்டவர்களின் உடல் பகுதிகளைத் திருப்பி ஒப்படைக்கச் சில தேசிய அருங்காட்சியகங்களுக்கு அனுமதி தருகிறது. நம் 1958 தொல்லியல் சட்டத்தின் வரையறையில் மண்மேடு வருகிறது, புதைவிடம் வருகிறது; உள்ளே கிடப்பவருக்குத் தனிப்பெயர் இல்லை. நாளைக்கே திருத்தம் வந்தால், தமிழாக்குகிறவர் கையில் ஒரு சொல் தயாராக இருக்க வேண்டாமா?

அதனால் என் பரிந்துரை 'உடலெச்சம்'. எலும்பு, பல், தோல், முடி எல்லாம் இதில் அடங்கும், பானை அடங்காது. கூடவே வைத்தவற்றுக்கு 'ஈமப்பொருள்'. ஈமத்தாழி என்று புறநானூற்றிலேயே இருப்பதால் அந்நியமாகத் தெரியாது. அகழாய்வில் கிடைக்கும் உடல் மிச்சங்களைப் படிக்கும் துறையான பயோஆர்க்கியாலஜிக்குச் சிலர் எழுதும் 'உயிரித் தொல்லியல்' செடி, விலங்கு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறது. மனித உடலை மட்டும் படிக்கும் பிரிவுக்கு 'உடலெச்சத் தொல்லியல்' சரியாக இருக்கும். கொஞ்சம் நீளம்தான், பழகிவிடும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. எரியூட்டியபின் தாழியில் இடுவதைச் 'சாம்பல்' என்று பல மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன். உண்மையில் கிடைப்பது வெந்து வெளுத்த எலும்புத் துண்டுகள். டிஎன்ஏ பெரும்பாலும் போய்விட்டாலும் ஸ்ட்ரான்சியம் அதில் தங்கும், ஆகவே சாம்பல் என்று ஒதுக்கக் கூடாது. வழக்கிலுள்ள 'அஸ்தி' என்பதற்கே எலும்பு என்றுதான் பொருள். அது வடசொல் என்று மறுப்பவர்கள் மாற்று தரட்டும். அதுவரை அஸ்தி இருக்கட்டும் என்பது என் கட்சி.