சீருடை மேல் கீறல் விழுந்ததா? த ஃபுனேஸின் ழாந்தார்ம் படங்களும் ‘லே ரிப்பூ’வும்

வெள்ளித்திரை
பிரெஞ்சு போலீஸ் காமெடி என்றதும் எல்லாரும் நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனேஸின் ‘சான் த்ரோபே ழாந்தார்ம்’ வரிசையைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். 1964 முதல் 1982 வரை ஆறு படங்கள், ஆறையும் இயக்கியவர் ழான் ழிரோ. கூட்டம் அலைமோதியது உண்மை; முதல் படத்துக்கு மட்டும் பிரான்சில் சுமார் 78 லட்சம் டிக்கெட். ஆனால் அத்தனை படத்திலும் காவல்துறை மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்பது என் கட்சி. சீருடையைக் கழற்றிவிட்டு, அதே கதையைப் பள்ளிக்கூட வாத்தியார்களை வைத்து எடுத்தாலும் ஓடியிருக்கும். காவலர்களைப் பற்றிய நகைச்சுவை என்றால் க்ளோத் ஸிதியின் ‘லே ரிப்பூ’ (1984) தான். எழுத்தில் ஸிதியோடு உட்கார்ந்த சிமோன் மிஷேல் முன்னாள் காவலர். எந்தக் கடையில் என்ன கறக்கலாம் என்பது தெரிந்தவர் எழுதிய படம் அது.

செங்கெப்பி
முதலில் ஒரு திருத்தம். ழாந்தார்ம் போலீஸ் கிடையாது, ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். சிற்றூர்களும் நாட்டுப்புறமும் அவர்கள் காவலில் இருக்கும். இந்தப் படங்கள் வந்த காலம் முழுக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தார்கள். 2009இல்தான் உள்துறையின் கீழ் வந்தார்கள். த ஃபுனேஸ் நடிக்கும் க்ரூஷோவின் பதவிப் பெயரே குதிரைப்படைக் காலத்து மிச்சம்.

இதைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது, ஏனென்றால் சிரிப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது. மிஷெல் கலாப்ரு நடித்த மேலதிகாரி ழெர்பேர், க்ரூஷோவைத் திட்டுகிறார். க்ரூஷோ குனிந்து, குழைந்து, தலையாட்டுகிறான். திட்டு முடிந்து தலையைத் திருப்பியதும் அதே வசவு, அதே கையசைவு, கீழே இருக்கும் நான்கு பேர் மேல் இறங்குகிறது. பல இடங்களில் நடுவில் வெட்டே இல்லை. ஒரே ஷாட்டில் முகம் அடிமையிலிருந்து கொடுங்கோலனாக மாறிவிடும். வாத்தியார் அறையில் இந்த ஏணி ஏது?

வெள்ளித்திரை
ஏணி இருக்கிறது, சரி. அது யாரையாவது உறுத்துகிறதா? முதல் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: மலைக் கிராமம் கறுப்பு வெள்ளையில், கடற்கரை ஊரான சான் த்ரோபே வண்ணத்தில். சுற்றுலா விளம்பரத்தின் இலக்கணம் அது. அப்புறம் கடற்கரையில் நிர்வாணக் குளியல்காரர்களைப் பிடிக்கும் வேட்டை. மரத்து மேல் ஒரு காவலாள். ழாந்தார்ம்கள் வந்தால் குரல் கொடுப்பான். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாரும் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். க்ரூஷோ இதற்கு ராணுவப் பயிற்சி மாதிரி ஒத்திகை வைக்கிறான். ரசிக்கத்தக்க காட்சி. ஆனால் தோற்றாலும் ஜெயித்தாலும் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. படத்தில் வந்த அந்தப் பழைய காவல் நிலையமே 2016இல் அருங்காட்சியகம் ஆனது. தன்னைக் குத்திய படத்தை எந்தத் துறையாவது இப்படிக் கொண்டாடுமா?

‘லே ரிப்பூ’ தொடங்குவதே ஒரு துரோகத்தில். பாரிஸின் 18ஆம் வட்டாரம். தான் மாட்டாமல் இருக்க, மாமூல் வாங்கும் போலீஸ்காரன் புவாரோன் தன் கூட்டாளிக்கே விலங்கு மாட்டுகிறான். அடுத்து எப்பெர்னே என்ற ஊரிலிருந்து புதுக் கூட்டாளியாக லெபூஷ் வருகிறான், சட்டப் புத்தகம் மாதிரி ஒரு பையன். ஓசிச் சாப்பாடு, சின்னச் சின்ன மாமூல், பிறகு ஒரு பெண் என்று படிப்படியாகப் புவாரோன் அவனைக் கெடுக்கிறான். கடைசியில் குருவையே மிஞ்சி, பெரிய பணத்துக்கு அடிபோடுபவன் அந்தப் பையன்தான். ஊழல் எப்படித் தொற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன காமெடி எனக்குத் தெரிந்து இல்லை. 1985இல் சிறந்த படம், சிறந்த இயக்கம் இரண்டுக்கும் பிரெஞ்சுத் திரைப்பட விருதான சேஸர் கிடைத்தது சும்மா இல்லை.

ஆனந்தி
இடையில் இரண்டு விஷயம். ஒன்று, கடைசிப் படத்தை (1982, பெண் ழாந்தார்ம்கள் வருவது) ழிரோ முடிக்கவில்லை. படப்பிடிப்பு நடந்த அந்த ஜூலையில் இறந்துவிட்டார். உதவி இயக்குநர் தோனி அபோயான்ஸ்தான் முடித்தார்.

இரண்டு, செங்கெப்பி சொல்லும் ஏணி தெரிய வேண்டுமானால் எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். முதல் படம் அகலத்திரை, 2.35க்கு 1. ஒரு ஓரத்தில் ழெர்பேர், மறு ஓரத்தில் நான்கு பேர், நடுவில் த ஃபுனேஸ். பழைய டிவிக்காகச் சதுரமாக வெட்டிய பிரதியில் இரண்டு ஓரமும் போய்விடும். மிஞ்சுவது காரணமில்லாமல் முகம் கோணும் ஒரு மனிதர். “வெறும் கோமாளித்தனம்” என்று சொல்பவர்களில் பலர் பார்த்தது இந்தப் பிரதியாக இருக்கலாம். டப்பிங்கும் வேண்டாம். அவருடைய முனகல், சீறல், விழுங்கிய பாதிச் சொல் எல்லாம் வசனத்தை விடப் பெரிய வேலை செய்கின்றன. ‘லே ரிப்பூ’வுக்கோ சிக்கல் தலைப்பிலேயே ஆரம்பம்: ‘பூரி’ என்றால் அழுகியது, ஊழல், அசை மாற்றிப் போட்டால் ‘ரிபூ’. பாரிஸ் தெருவில் சொற்களைத் திருப்பிப் பேசும் வழக்கு அது. துணைத்தலைப்பில் இந்த வாசனை வராது.

செங்கெப்பி
நன்றி ஆனந்தி, அந்த ஓரங்கள்தான் என் வாதமே.

வெள்ளித்திரை, ழாந்தார்ம் வரிசையின் மூன்றாவது படத்தை (1968) எடுத்துக்கொள்ளுங்கள். க்ரூஷோவும் ழெர்பேரும் ஒரே பதவி உயர்வுத் தேர்வு எழுதுகிறார்கள். க்ரூஷோ தேறிவிட்டதாக அறிவிப்பு. அன்றே ழெர்பேரின் நாற்காலி, அதிகாரம், குரல் எல்லாம் கைமாறுகின்றன. நேற்றுவரை கத்தியவர் குழைகிறார், குழைந்தவன் கத்துகிறான். பிறகு, அறிவிப்பில் பிழை என்று தெரிந்து எல்லாம் பழையபடி. மனிதன் மாறவில்லை, தோள்பட்டைப் பட்டி மட்டும்தான் மாறியது. அதிகாரத்தைப் பற்றி இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? 1970 படத்தில் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, நினைவிழந்த சகாவைக் குணப்படுத்தும் சாக்கில் சட்டவிரோதமாகச் சீருடையை மாட்டிக்கொள்கிறார்கள். அது இல்லாமல் அவர்களால் இருக்கவே முடியவில்லை.

புவாரோனைப் பற்றியும் யோசியுங்கள். ஃபிலிப் நுவாரேயின் குரலும் தொப்பையும் சோம்பலும் அவன் மேல் நமக்குப் பாசத்தை வரவழைத்துவிடுகின்றன. வசூலிக்கிறவனை மாமா மாதிரி நேசிக்கவைக்கும் படமா குத்துகிறது? மிரட்டப்படும் கடைக்காரன் பக்கம் கேமரா எத்தனை விநாடி நின்றது?

வெள்ளித்திரை
கடைக்காரன் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அது அந்தப் படத்தின் ஓட்டைதான். ஆனாலும் புவாரோன் சிறைக்குப் போகிறான். செய்ததற்கு ஒரு விலை இருக்கிறது. தேர்வுக் காட்சியும் நல்ல காட்சிதான். ஆனால் “அறிவிப்பில் பிழை” என்று ஒரே வரியில் அழித்துவிடுகிறார்களே! 1979 படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வந்தபோது நிலைமை இன்னும் மோசம். தட்டினால் காலி டின் ஓசை, குடிப்பது எண்ணெய், தண்ணீர் பட்டால் துரு. இதில் ழாந்தார்ம் எதற்கு?

செங்கெப்பி
அதற்கும் ழாந்தார்ம்தான் வேண்டும். வேற்றுக்கிரகவாசி மனித உருவில் வருவதால் யாரையும் தட்டிப் பார்க்கலாம், குத்திப் பார்க்கலாம். பதினைந்து வருஷம் குனிந்த க்ரூஷோ கடைசியில் மேலதிகாரியின் உடம்பிலேயே சோதனை செய்கிறான். 1975இல் இருமுறை மாரடைப்பு வந்தவர் த ஃபுனேஸ். ஓட்டமும் பாய்ச்சலும் குறைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் அந்தக் காட்சிக்கு ஓட்டம் தேவைப்படவில்லை. விறைப்பாக நிற்கும் ஒரு அதிகாரியும், அவர் பின்னால் கூரான பொருளோடு க்ரூஷோவும் போதும்.

ஆனந்தி
அப்படியானால் 1968இன் தேர்வுக் காட்சியையும் 1979இன் குத்தும் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், வெள்ளித்திரை. முழு அகலப் பிரதியில், பிரெஞ்சு ஒலியோடு. முதலாவதில் க்ரூஷோவுக்குப் பதவி கிடைத்த பிறகு ழெர்பேரின் கைகள் எங்கே போகின்றன என்று மட்டும் கவனியுங்கள்.