கபிலம் என்றால் குரங்கு நிறமா?

நானுஓயா_வாத்தியார்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: பிரவுன் (brown) நிறத்துக்கு நம் இலங்கைப் பாடப்புத்தகத்தில் இருக்கும் கபிலம் என்ற சொல் குரங்கின் நிறமாம், அதை எடுத்துவிட்டுப் பழுப்பு என்று போட வேண்டுமாம். வாசித்ததும் எரிச்சல் வந்தது. கபிலை என்று பசுவைச் சொல்லும் மொழியில் குரங்கு எங்கிருந்து குதித்தது? பழுப்பு என்றால் பழுத்த இலையின் நிறம். தேயிலைச் செடியில் பழுத்த இலை மஞ்சளாகத்தான் இருக்கும். போய்ப் பாருங்கள்.

பதுளையான்:
எழுதியது நான்தான். வடமொழியில் கபி என்றால் குரங்கு. 1899இல் வந்த மோனியர் வில்லியம்ஸ் அகராதியில் கபில என்ற சொல்லுக்குக் குரங்கு நிறம் என்றே பொருள் இருக்கிறது.

நானுஓயா_வாத்தியார்:
அப்படியானால் புத்தர் வளர்ந்த கபிலவஸ்து குரங்கூரா? கபில முனிவர் யார்? குறிஞ்சி பாடிய கபிலரையும் மரத்தில் ஏற்றிவிடுவீர்களா? நெல்லை அழிக்கும் பூச்சியைக் கபிலநிறத் தத்தி என்றுதான் நம் நாட்டு விவசாயிக்குச் சொல்கிறோம். அவருக்குப் புரிகிறது, உங்களுக்குத்தான் புரியவில்லை.

பதுளையான்:
சுற்றி வளைக்க வேண்டாம். கபி என்றால் குரங்கா, இல்லையா?

நானுஓயா_வாத்தியார்:
கபிலை என்றால் பசு.

தலவாக்கலை_ரோலர்:
இரண்டு பேரும் ஒருநாள் எங்கள் தேயிலை பெக்டரிக்கு வாங்க. இலையை உருட்டும் ரோலரிலிருந்து இறக்கிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை போய்ச் செப்பு நிறம் ஏறும். காற்றுப்பட்டுத் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருள்கள் உண்டாகிற வேலை அது. அடுப்பில் காய்ந்ததும் கறுத்துவிடும். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இந்த நிறத்தை மண்ணிறம் என்போம். கபிலமும் இல்லை, பழுப்பும் இல்லை.

நானுஓயா_வாத்தியார்:
தம்பி, எந்த மண்? வெள்ளை மணலும் மண்தான், கரிசலும் மண்தான். நிறத்துக்குப் பெயர் என்றால் ஒரே நிறத்தைக் காட்ட வேண்டும்.

கொட்டகலை_மலர்:
சேர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் நான் ஆரஞ்சு நிறம் என்று எழுதியதற்கு, சினிமாப் படம் பார்த்துத் தமிழ் படித்தவள் என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை. பழந்தமிழ்ச் சொல்தான் வேண்டுமென்றால் குரால் இருக்கிறதே? அந்த மங்கல் நிறத்துக்கும் அந்த நிறப் பசுவுக்கும் அதுதான் பெயர். ஏன் அதைச் சொல்லவில்லை?

நானுஓயா_வாத்தியார்:
பசு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. ஆரஞ்சு விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். ஆரஞ்சுப் பழத்தைத் தோடம்பழம் என்று விற்கிற நாட்டில் செம்மஞ்சள் என்று சொல்ல என்ன கூச்சம்?

பதுளையான்:
தோடம்பழம் யாழ்ப்பாணத்துப் பேச்சு. மலையகத்துக்குப் பாடம் எடுக்க வந்தவர் முதலில் மலையகத்தில் பேசுவதைக் கேளுங்கள்.

நானுஓயா_வாத்தியார்:
நான் பிறந்ததே தோட்டத்து லயத்தில்தான். நீங்கள் எனக்கு மலையகம் சொல்லித்தர வேண்டாம்.

பதுளையான்:
கபி என்றால் குரங்கா, இல்லையா? நாலு பதிவாக இதற்கு மட்டும் பதில் இல்லை.

நானுஓயா_வாத்தியார்:
நாளைக்கு விஞ்ஞானப் பாடப்புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்துப் போடுகிறேன். அதுவரை யாரும் இந்த இழையைப் பூட்ட வேண்டாம்.