புதுப்பிப்பு: கோத்தகிரியிலிருந்து அந்தமான், ஸ்நார்க்கல் மாஸ்க் பனி பிடிக்கும் பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது: கடல்ல தலையைக் கவிழ்த்து மிதந்தபடி அடியில பார்க்கப் போடுற புது கண்ணாடி மாஸ்க் உள்ளே பனி மூடுது, மீசை வழியா தண்ணி கசியுது, என்ன செய்யலாம்?

பேபி ஷாம்பு சொன்னவங்க பாதி சரி. அது மட்டும் போட்டப்போ பனி பிடிக்கிறது நிக்கவே இல்ல. புதுக் கண்ணாடியில ஃபேக்டரியிலேயே ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும், முதல்ல வெள்ளை டூத்பேஸ்ட் வச்சு உள்பக்கம் தேய்க்கணும்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் வேலை செஞ்சது. நல்லா தேய்ச்சுக் கழுவி, பிறகு ஒரு சொட்டு ஷாம்பு பூசி லேசா அலசினோம். ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவுல, எலிஃபன்ட் பீச்ல பவளம் பளிச்சுனு தெரிஞ்சது. (பனி பார்க்க ஊர்லயே போதுமே!)

மீசைக்கு, மூக்குக்குக் கீழே வாசலின். கசிவு முழுசா நிக்கல, ஆனா ரொம்பக் குறைஞ்சது. மீசையை எடுக்கச் சொன்னவங்க மன்னிக்கணும்.

மூக்குக்கண்ணாடி போடுறவங்களுக்கு: அதன் கம்பி இருந்தா மாஸ்க் ஒட்டாது, பவர் கண்ணாடி பொருத்தின மாஸ்க் ஒரு வழி.

எதிர்பாராதது படகுப் பயணம். மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுல தினமும் வண்டி ஓட்டுற நண்பனுக்குத்தான் வாந்தி. வாந்தி மாத்திரையைப் படகுல ஏறுறதுக்கு முன்னாடியே போடுங்க, ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டா அவ்வளவா பயனில்ல.