மறு: பேசிவேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். திங்கட்கிழமை வகுப்பு. வெற்றிடக் கலன் (காற்றை உறிஞ்சி எடுத்த உலோகக் கலன்) பாடக்குறிப்பு இந்த ஒரு சொல்லால் அச்சுக்குப் போகாமல் நிற்கிறது. பேசிவேஷன் (passivation) என்பது எவர்சில்வரை அமிலத்தில் முக்கி, அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் சீராக அமையச் செய்வது. இதற்கு நீங்கள் மடல்களில் சொன்ன தமிழ்ச் சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

> துருத்தடுப்பாக்கம் போதுமே, பிள்ளைகளுக்குப் புரியும்.

தவறாகப் புரியும். எவர்சில்வரில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருப்பதால், காற்றுப் பட்டதுமே சில நானோமீட்டர் தடிமனில் குரோமிய ஆக்சைடு தானே படிந்துவிடுகிறது. நைட்ரிக் அமிலத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ முக்குவது, கருவி பட்டு ஒட்டிய இரும்பைக் கரைத்து அந்தப் படலம் சீராக அமைய வழிவிடத்தான். வெற்றிடக் கலன்களோடு வேலை செய்பவர்களுக்குத் துரு இரண்டாவது கவலை. எஃகுக்குள் தங்கிய ஹைட்ரஜன் கலனுக்குள் கசிந்துகொண்டே இருப்பதுதான் அவர்களை வாட்டுவது. ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ (LIGO) ஆய்வகத்தின் 4 கி.மீ. வெற்றிடக் குழாய்களுக்கான எஃகைக் காற்றிலேயே 450 டிகிரி செல்சியசை ஒட்டி 36 மணி நேரம் சுட்டது அந்த ஹைட்ரஜனை வெளியேற்றத்தான்.

> களிம்பாக்கம். சைவ சித்தாந்தத்தின் செம்பும் களிம்பும் உவமையைப் பாருங்கள்.

ஐயா, நீங்கள் எழுதிய மூன்று மடல்களையும் படித்தேன். செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு போல உயிரை மலம் பற்றியிருக்கிறது என்பது அந்த உவமை. ஆனால் அங்கே களிம்பு நீங்கவேண்டிய மலம். இங்கே படலம் இருந்தாகவேண்டும்.

> செயப்பாடாக்கம்.

'பாசிவ்' என்றதும் இலக்கணத்தின் செயப்பாட்டு வினையை எடுத்துக்கொண்டீர்கள். அதில் எழுவாய் செயலை ஏற்கும். இந்த எஃகோ எளிதில் வினைப்படாமல் நிற்கிறது.

என் சொல் 'ஆடை கட்டுதல்'. காய்ச்சிய பாலை அசைக்காமல் வைத்தால் ஆடை கட்டுகிறது. யாரும் மேலே பூசியதல்ல, பாலிலிருந்தே வந்தது. எடுத்தால் மறுபடி கட்டும். குரோமிய ஆக்சைடும் அப்படியே. கீறிய இடத்தில் தானே மூடிக்கொள்ளும். பூச்சிலிருந்தும் முலாமிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டும் சொல் இது. போன பருவத்தில் வகுப்பில் வாய்வழியாக இதைச் சொல்லிவைத்தேன். பற்றவைத்த மூட்டின் ஓரத்தில் வைக்கோல் மஞ்சளும் நீலமும் ஏறியிருந்ததைத் தடவிப் பார்த்த மாணவி, "சார், இங்க ஆடை தீஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். சூட்டில் ஆக்சைடு தடித்து, அடியில் குரோமியம் குறைந்துபோவதை அதன்பிறகு ஐந்தே நிமிடத்தில் விளக்க முடிந்தது.

> ஆடை என்றால் துணி. காப்புப் படலமாக்கம்தான் பாடநூலுக்கு ஏற்றது.

காப்பு என்றதும் மின்பணி மாணவர்கள் மின்காப்பைத்தான் நினைப்பார்கள். ஆனாலும் ஐந்து பேர் அதையே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், நேரமும் இல்லை. தலைப்பில் 'காப்புப் படலமாக்கம்' போடுகிறேன். உள்ளே விளக்கத்தில் 'ஆடை கட்டுதல்' இருக்கும். அதை எடுக்க எனக்கு மனமில்லை.