ஸ்டாண்டர்ட் 2000-ல இருக்கறது ரோவர் எஞ்சினா?

பெருங்களத்தூரான்:
விற்பனைப் பகுதியில ஒருத்தர் போட்டிருக்கார்: "1987 ஸ்டாண்டர்ட் 2000. ஒரே ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி. ஒரிஜினல் ரோவர் எஞ்சின். 9 லட்சம், பேரம் கிடையாது." டாக்டர் வச்சிருந்தாரோ கம்பவுண்டர் வச்சிருந்தாரோ, எனக்குத் தேவையில்லை. விலையும் உங்க இஷ்டம். ஆனா ரோவர் எஞ்சின்னு எழுதினதைப் பார்த்துட்டு சும்மா போக முடியலை. பாடிதான் ரோவர் எஸ்டி1ங்கற பிரிட்டிஷ் காரோடது. இங்கிலாந்துல 1976ல அது இறங்கினப்போ உள்ளே இருந்தது 3500 சிசி வி8, அதாவது எட்டு சிலிண்டர். நம்ம வண்டலூர் பக்கத்துல 1985ல இறங்கினதுல இருந்தது 1991 சிசி, நாலு சிலிண்டர். ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரோட எஞ்சின். நம்ம சுதந்திரம் வாங்கின காலத்து டிசைன். விளம்பரத்தைத் திருத்துங்க.

கிளாசிக் கதிர்:
வணக்கம் சார். விளம்பரம் போட்டது நான்தான். வாங்கறவங்க கேட்க வேண்டியதை வாங்காதவங்க கேட்கறதுதான் இங்கே வழக்கமாப் போச்சு. வண்டியை நேர்ல பார்த்தவங்க யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. ரோவர் கார்னுதான் மெட்ராஸ்ல எல்லாரும் சொல்லுவாங்க.

பெருங்களத்தூரான்:
கார் ரோவரான்னு நான் கேட்கலை. எஞ்சின் ரோவரான்னு கேட்டேன். எஞ்சின் வான்கார்ட்.

கொங்கு டிரைவர்:
ஏனுங்க, அந்தக் காலத்துல எல்லாரும் அதையேதானுங்க பண்ணாங்க? கான்டெஸாவுக்கு வாக்ஸாலோட பாடி, உள்ளே முதல்ல அம்பாசடரோட எஞ்சின். அப்புறந்தான் இசுசு வந்துச்சு. பிரீமியர் 118என்இக்கு பியட் 124 பாடி, உள்ளே நிசான். வெளிய ஒருத்தன், உள்ள ஒருத்தன். இதுக்குப் போயி சண்டையாங்க?

பெருங்களத்தூரான்:
பிரீமியர்காரன் என்இன்னு பேர்லயே நிசான் எஞ்சினைச் சொல்லிட்டான். அது நேர்மை. கதிர் விளம்பரத்துல அந்த நேர்மை எங்கே?

ஹெரால்ட் பிரியன்:
வான்கார்ட் எஞ்சின்னா என்னமோ மட்டம் மாதிரி பேசறாரே இவர்! 1953ல வந்த டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே 1991 சிசிதான். பெல்ஜியத்துல ஜப்பேக்கே ரோட்டுல மணிக்கு 200 கிலோமீட்டர் பக்கத்துல ஓட்டிக் காட்டின எஞ்சின். தெரிஞ்சுக்கிட்டு எழுதவும்.

பெருங்களத்தூரான்:
அதே எஞ்சின் குடும்பந்தான் பெர்குசன் டிஇ20 டிராக்டர்லயும் ஓடுச்சு. அதை ஏன் விட்டுட்டீங்க? 200ல ஓட்டினது அதுக்குன்னே தயார் பண்ணின வண்டி. டிஆர்2வுக்கு ரெண்டு எஸ்யூ கார்பரேட்டர், வண்டியும் எடை கம்மி. ஐந்து கதவு வச்ச எஸ்டி1 பாடியை அது இழுத்துக்கிட்டுப் போறதைப் பார்த்திருக்கீங்களா? மலை ஏத்தத்துல மாட்டுவண்டி போற மாதிரி இருக்கும். எப்படியோ, டிஆர்2ன்னு சொன்னதுக்கு நன்றி. ரோவர் இல்லைங்கறதை நீங்களே சொல்லிட்டீங்க.

கிளாசிக் கதிர்:
யாரும் எதையும் சொல்லலை. ஸ்டாண்டர்ட்-டிரையம்பை லேலண்ட் வாங்குச்சு. 1967ல ரோவரும் அங்கே வந்து சேர்ந்துச்சு. அடுத்த வருஷம் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆச்சு. ஒரே குடும்பம். அப்போ ஸ்டாண்டர்ட் எஞ்சினும் ரோவர் எஞ்சின்தானே?

பெருங்களத்தூரான்:
அப்படின்னா எண்ணூர்ல செஞ்ச லேலண்ட் லாரியையும் ரோவர்னு போட்டு வித்துடுங்க. அதுவும் அதே குடும்பந்தான். பல்லவன் பஸ்ல ஏறினவன் எல்லாம் ரோவர்ல போனவன்.

கொங்கு டிரைவர்:
😂😂 இது சரிங்க.

ஹெரால்ட் பிரியன்:
கிண்டல் பண்றவங்களுக்கு ஒண்ணு. எங்க அப்பா மதுரையில ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் வச்சிருந்தார். பானெட்டோட ரெண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், முதுகு வலிக்காது. இன்னைக்கு இருக்கற எந்த வண்டியில அது முடியும்? மெட்ராஸ்ல செஞ்ச காரை மெட்ராஸ்காரனே இளக்காரமா பேசினா என்ன செய்ய?

பெருங்களத்தூரான்:
மெட்ராஸ்ல செஞ்ச காருக்கு மெட்ராஸ் எஞ்சின் பேரைச் சொல்லக் கூச்சப்படறது நானா, கதிரா? அந்த ஸ்டாண்டர்ட் பேக்டரி வாசல்ல சைக்கிளை மிதிச்சு ஸ்கூலுக்குப் போனவன் நான். ஸ்டாண்டர்ட்னு பேர் போட்ட வண்டி. ஸ்டாண்டர்ட் எஞ்சின்னு எழுதினா 9 லட்சத்துல ஒரு லட்சம் குறைஞ்சிடும்னு பயம். அவ்வளவுதான்.

யாழ் ஏ40:
வணக்கம். நடுவில வாறதுக்கு மன்னிக்கவும். டிராக்டர் எஞ்சின் எண்டு ஏன் பழிக்கிறியள்? பெர்குசன் மண்ணெண்ணெய் வகையில ஓடுறதுக்கெண்டே ஒரு மாடல் விட்டவன். எங்கட யாழ்ப்பாணத்தில தொண்ணூறுகளில பெட்ரோல் வரவிடாமத் தடை. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. கார்பரேட்டருக்க துளி பெட்ரோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. பின்னால புகை அள்ளும். உங்கட வி8 வந்திருந்தா வீட்டு முத்தத்திலயே நிண்டிருக்கும்.

கொங்கு டிரைவர்:
அருமைங்க அண்ணா. இங்க எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கே ரப்பர் டியூப் ஊறிப்போயிருமோன்னு பயந்துட்டு இருக்கறோம்.

118ஐ விக்கமாட்டேன்:
இ20 பேச்சை இங்கே ஆரம்பிக்காதீங்க, அதுக்குத் தனி இழை ஓடுது. கதிர் சாருக்கு ஒரு கேள்வி. போட்டோவுல நம்பர் பிளேட் டிஎன் 07ன்னு தெரியுது. வண்டி 1987. டிஎன் வரிசையே 1989லதான் வந்துச்சு. ஒரே ஓனர்னா அதுக்கு முந்தின பழைய நம்பர்தானே இருக்கணும்?

கிளாசிக் கதிர்:
டாக்டர் பெங்களூர்ல வாங்கி, பிறகு சென்னைக்கு மாத்திப் பதிவு பண்ணினார். அப்போ புது நம்பர் கொடுத்தாங்க. ஆர்சி என் கையில இருக்கு, காட்டறேன். ஒரே ஓனர் ஒரே ஓனர்தான்.

118ஐ விக்கமாட்டேன்:
ஒரே ஓனர் டாக்டர்னா, இப்போ விக்கற நீங்க யாரு சார்?

கிளாசிக் கதிர்:
நான் அவருக்குத் தெரிஞ்சவன்.

118ஐ விக்கமாட்டேன்:
புரோக்கர்னு ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம். தெரிஞ்சவர் ஒருத்தர் இப்படித்தான் எனக்கு ஒரு பத்மினி காரை தலையில கட்டினார். "பெயின்ட்ல கை வைக்கலை"ன்னார். காந்தத்தை வச்சுப் பார்த்தேன், முன் கதவுக்குக் கீழே ஒட்டவே இல்லை. தகரம் இல்லை, முழுக்க பட்டி பூசி மறைச்சிருந்தது.

கிளாசிக் கதிர்:
நீங்க ஏமாந்ததுக்கு நான் பொறுப்பில்லை. போன வருஷம் என் இன்னொரு விளம்பரத்துலயும் வந்து இதே மாதிரி விலையை உடைச்சது நீங்கதானே? ஞாபகம் இருக்கு.

ஹெரால்ட் பிரியன்:
ஆர்சி புதுப்பிச்சாச்சா? 20 வருஷம் தாண்டின காருக்கு இப்போ கட்டணமே 10,000. போன ஆகஸ்ட் வரைக்கும் 5,000 இருந்துச்சு.

பெருங்களத்தூரான்:
அது 2025 ஆகஸ்ட். தேதியைச் சரியா போடுங்க. எல்லாரும் நம்பர் பிளேட், பட்டி, கட்டணம்னு போயிட்டீங்க. கேள்வி ஒண்ணுதான். வான்கார்டா, ரோவரா? கதிர் பானெட்டைத் திறந்து ஒரு போட்டோ போடட்டும். வி8ன்னா ரெண்டு பக்கமும் நாலு நாலா பிளக். இதுல ஒரே வரிசையில நாலு. சின்னப் பையனுக்குக்கூட எண்ணத் தெரியும்.

கிளாசிக் கதிர்:
எஸ்டி1ல நாலு சிலிண்டரும் இங்கிலாந்துலயே வந்துச்சு சார். 2000 மாடல். தெரியாதா?

பெருங்களத்தூரான்:
தெரியும். அது பிரிட்டிஷ் லேலண்டோட ஓ சீரிஸ் எஞ்சின், 1994 சிசி. இங்கே வந்தது 1991 சிசி. மூணு சிசி வித்தியாசத்துல ஒரு தலைமுறையே இருக்கு. இதை எதிர்பார்த்துத்தான் முதல் பதிவிலேயே சிசியை எழுதினேன். எஞ்சின் வான்கார்ட்.

ஹெரால்ட் பிரியன்:
மூணு சிசி! இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் சொந்தமா என்ன வண்டி வச்சிருக்காராம்?

பெருங்களத்தூரான்:
என் வண்டிக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஹெரால்ட் பிரியன்:
சும்மா கேட்டேன். வேகன் ஆர்னு கேள்விப்பட்டேன்.

பெருங்களத்தூரான்:
வேகன் ஆர்ல சுசுகி எஞ்சின்தான் இருக்கு. சுசுகின்னுதான் சொல்லுவேன்.

யாழ் ஏ40:
எனக்கு இந்தக் காரின்ர மஞ்சள் பின் விளக்குக் கண்ணாடி கிடைக்குமோ? மிஞ்சின பாகங்கள் கனக்க இங்கிலாந்துக்கே திரும்பிப் போனதாம். தம்பி ஒராள் லெஸ்டரில எஸ்டி1 வச்சிருக்கிறார், கேக்கிறார்.

கிளாசிக் கதிர்:
உதிரி பாகம் தனியா விக்கறதில்லை. முழு வண்டி மட்டும். 8.75க்கு இறக்கியிருக்கேன், இன்னைக்கு மட்டும்.

118ஐ விக்கமாட்டேன்:
பேரம் கிடையாதுன்னீங்களே?

பெருங்களத்தூரான்:
விலையை மாத்தத் தெரிஞ்சவருக்கு விளம்பரத்துல எஞ்சின் பேரை மாத்தத் தெரியலை பாருங்க. போட்டோ எங்கே?