பதில்: குதிரைப் பிடரியில சேர்ற கொழுப்புக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

> 'பிடரித் திமில்' அழகா இருக்கு, கேட்டதும் புரியுது, இதையே வெச்சுக்கலாமே.

ஐயா, அந்த அழகுதான் எனக்கு பயம். திமில்னு சொன்னாலே நம்ம ஆளுங்க கண்ணுல காங்கேயம் காளைதான் வந்து நிக்கும், மாட்டுக்கு அது பிறவியில உள்ளது, எவ்ளோ பெருசோ அவ்ளோ பெருமை. குதிரைக்கு அது வியாதியோட அடையாளம். இங்க ஊட்டி ஏரிக்கரையில குதிரை வெச்சுப் பொழைக்கிறவங்கள்ல சிலர் கழுத்து தடிச்ச மட்டக்குதிரைய தட்டிக்குடுத்து 'பாருங்க எப்படி வளத்திருக்கேன்'னு சொல்றத கேட்டிருக்கேன், அவங்ககிட்ட போய் திமில்னா இன்னும் ரெண்டு படி கொள்ளு சேத்துத்தான் வெப்பாங்க.

> சங்க இலக்கியத்துல 'உளை'ன்னா பிடரி மயிர். 'உளைக்கொழுமை'?

அம்மா, 'கொய்யுளை' (கத்தரிச்சு விட்ட பிடரி மயிர்) எனக்கும் பிடிச்ச சொல்தான். ஆனா இப்ப உளைன்னா ஜனங்களுக்கு மன உளைச்சல்தான் ஞாபகம் வரும், 'கொழுமை'யும் செழிப்புன்னே காதுல விழும். இன்னொருத்தர் சொன்ன 'கொழுப்புக்கட்டி'யும் ஆகாது, டாக்டர்ங்க அத லைபோமாவுக்கு ஏற்கனவே எடுத்துட்டாங்க, கட்டின்னா அறுத்து எடுத்துடலாம்னும் தோணிடும். இது அறுத்து எடுக்கிற சமாச்சாரமே இல்ல.

முதல்ல விஷயம் என்னன்னு பாத்துடுவோம். இந்தக் கொழுப்பு சேர்ற வியாதிக்கு ஈக்வைன் மெட்டபாலிக் சின்ட்ரோம் (குதிரைக்கு வர்ற வளர்சிதை மாற்றக் கோளாறு)னு 2002ல பேர் வெச்சாங்க, அடிப்படை கோளாறு இன்சுலின்ல. குதிரை மொத்தமா குண்டாகணும்னு கட்டாயமில்ல, விலா எலும்பு தெரியுற குதிரைக்கும் பிடரி மேல, தோளுக்குப் பின்னாடி, வால் முளைக்கிற எடத்துல, கண்ணுக்கு மேல இருக்கிற குழியில கொழுப்பு தனித்தனியா சேரும். ரத்தத்துல இன்சுலின் ஏறிக்கிட்டே போனா குளம்புக்குள்ள அழற்சி வந்து, குதிரை முன்னங்கால ஊன முடியாம பின்னாடி சாஞ்சு நிக்கும். சவாரிதான் சோறு போடுற வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ல வேண்டியதில்ல.

பிடரிக்கு 0ல இருந்து 5 வரைக்கும் ஒரு அளவு இருக்கு, 2009ல வந்தது. கைய கிண்ணம் மாதிரி குவிச்சு பிடரிய பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாக்கணும். 3ன்னா கை நிறைய இருக்கும், வளைஞ்சு குடுக்கிறது குறைய ஆரம்பிக்கும். 4ன்னா ஒரு கைக்குள்ள அடங்காது, மேல குறுக்கால மடிப்பு விழலாம். 5ன்னா ஒரு பக்கமா சரிஞ்சு அப்படியே நின்னுடும். கொழுப்பு திட்டுத் திட்டா உக்காந்திருக்கிறது கைக்கே தெரியுது பாருங்க, அதனாலதான் நான் சொல்றது 'கொழுப்புத் திட்டு', பிடரியில இருந்தா 'பிடரித் திட்டு', வால் பக்கம்னா 'வாலடித் திட்டு'. தோல்ல திட்டு, நுரையீரல்ல திட்டுன்னு ஏற்கனவே பேசுறோம், கேட்டா யாரும் பெருமைப்பட மாட்டாங்க, 'என்னாச்சு'ன்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்வி வரணும்.

ஏன்னா அடுத்து தீனிய பத்தி பேசணும். கொள்ளு, தவிடு, வெல்லம், டூரிஸ்ட் குடுக்கிற பன், பிஸ்கட், கேரட் எல்லாத்தையும் நிறுத்திட்டு காய்ஞ்ச புல்லுக்கு வரணும், அதையும் ஒரு மணி நேரம் பச்சத்தண்ணியில ஊறவெச்சு வடிச்சா சர்க்கரை கொஞ்சம் கரைஞ்சு போகும் (வடிச்ச தண்ணிய குதிரை குடிக்க விடாதீங்க, தாது உப்பும் சேந்து போறதால மினரல் மிக்ஸர் தனியா குடுக்கணும்). ஒரு நாளைக்கு உடம்பு எடையில 1.5 சதவீதம், 200 கிலோ மட்டக்குதிரைக்கு 3 கிலோ உலர் எடை. இளைக்கட்டும்னு ஒரேயடியா பட்டினி போட்டா, அதுவும் மட்டக்குதிரைக்கு, ரத்தத்துல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து, இத கொட்டை எழுத்துல போடணும்.

மலையில இன்னொரு தொல்லை. டிசம்பர், ஜனவரியில ராத்திரி உறைபனி, பகல்ல பளிச்சுன்னு வெயில். வெயில்ல புல் செஞ்ச சர்க்கரைய குளிர்ல செலவழிக்காம அப்படியே வெச்சிருக்கும், அந்தப் புல்ல காலையில மேயவிட்டா நேரா இன்சுலின்லதான் போய் நிக்கும். போதாக்குறைக்கு இங்க பரவிக் கிடக்கிற கிக்குயு புல்லுல ஆக்சலேட்னு ஒரு உப்பு வேற, கால்சியத்த உடம்புல சேர விடாம பிடிச்சு வெச்சுக்கும்.

'திட்டு'க்கு வசவுன்னும் அர்த்தம் இருக்கேன்னு ஒரு அன்பர் கேட்டிருந்தார். முன்னாடி 'பிடரி' வந்துட்டா அந்தக் குழப்பம் வராதுன்னு நினைக்கிறேன். கொடைக்கானல் பக்கம் இருக்கிறவங்க அங்க குதிரைக்காரங்ககிட்ட சொல்லிப் பாத்து அவங்க வாயில எப்படி வருதுன்னு இந்த இழையிலயே எழுதுங்க. அவங்ககிட்ட இதுக்கு ஏற்கனவே ஒரு சொல் இருந்தா என்னோடத விட்டுட்டு அதையே எடுத்துக்கலாம்.